பாய்ச்சற் கோட்டுப்படத்தின் வரலாறு

கணினிக்குச் செய்நிரல் எழுதப் புகும் மாணவனுக்கு முதற்கண் கற்பிக்கப்படும் கருவிகளுள் ஒன்று பாய்ச்சற் கோட்டுப்படமாகும். இலங்கைப் பாடசாலைகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திலும் அது இடம்பெற்றுள்ளது. அதன் தோற்றமும் வளர்ச்சியும் தளர்ச்சியும் நோக்கற்பாலன.

இப்படத்தின் மூலம் தொழிற்சாலையிலே தோன்றியது. 1921 ஆம் ஆண்டில் பிராங் கில்பிரெத்தும் அவர்தம் மனைவியார் லிலியனும், ஒரு பொருள் உருவாகும் படிகளைக் குறிகளாற் காட்டும் செய்முறைப் படத்தை அமெரிக்க எந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் எடுத்துரைத்தனர். வீண் வேலையைக் களைதலே அவர் நோக்கம். 1947 இல் பிறின்ஸ்ரன் உயர் ஆய்வு நிறுவகத்து அறிஞர்களாகிய ஹேர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜோன் வொன் நொய்மனும், இலத்திரன் கணிப்பொறிக்குச் செய்நிரல் அமைக்கும் முறையை விளக்கிய அறிக்கையில் ஓட்டப்படங்களைக் கையாண்டனர். கட்டளைகளை வரிசையாக எழுதுதல் மட்டும் போதாது. பொறி இயங்குங்கால் கட்டுப்பாடு கிளைத்தும் மீண்டும் செல்லும் நெறியை முன்னரே உணர்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அன்றியும், குறித்த இடத்தில் எது மெய்யாயிருத்தல் வேண்டுமெனக் கூறும் கூற்றுப் பெட்டிகளையும் படத்தில் அமைத்தனர். இவ்வாறு திட்டமும் விளக்கமும் ஒருங்கே நின்றன.

நாளடைவில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. செய்நிரலை முன்னர் எழுதிப் படத்தைப் பின்னர் வரையும் வழக்கம் பரவிற்று. ஐ.பி.எம். நிறுவனத்து லோயிஸ் ஹெய்ப்ற் அம்மையார், செய்நிரலைக் கொண்டு கணினியே படம் வரையும் முறையை 1959 இல் வெளியிட்டார். செய்நிரல் திருத்தப்படுந்தோறும் படம் திருத்தப்படாவிடின், அது பொய்ச்சான்றாகிவிடும் அன்றோ?

1973 இல் ஐசாக் நாசி, பென் ஷ்னைடர்மன் ஆகியோர் அம்புக்குறியற்ற பெட்டிப்படத்தை வெளியிட்டனர். 1975 இல் பிரெட்ரிக் புறூக்ஸ், ஒவ்வொரு படியையும் விரித்துரைக்கும் படம் வழக்கொழிந்த சுமையென்றும், தொடக்க மாணவரைச் சிந்தனை முறையிற் பயிற்றுதற்கு மட்டுமே தக்கதென்றும் எழுதினார். விளக்கம் செய்நிரலினுள்ளேயே அமைதல் வேண்டுமென வற்புறுத்தினார். 1984 இல் டொனால்ட் நூத், மனிதர் படித்துணரத்தக்க உரையும் கணினிக்குரிய கட்டளையும் ஒரே கோப்பில் இணையும் இலக்கிய நெறிச் செய்நிரலாக்கத்தை விளக்கினார்.

இவ்வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்துவது யாது? புறூக்ஸ் படத்தை அறவே விலக்கினாரல்லர். தொடக்க மாணவர்க்கு உரிய இடத்தை அதற்கு விட்டுவைத்தார். அவ்விடமோ செய்நிரலுக்கு முற்பட்டது. முடிந்த செய்நிரலைப் பார்த்துப் புள்ளிக்காக வரையப்படும் படம் அழகியதாயினும் கல்வியாகாது. எழுதுமுன் வரையப்பட்டு, பன்முறை அழித்துத் திருத்தப்பட்ட படமே மாணவனின் சிந்தனைக்குச் சான்றாகும்.