பேய்ப்படம் பார்க்கும் பிள்ளைகள்: அச்சத்தை அளந்த கதை



1951-ஆம் ஆண்டில், எம்.ஜி.ஆர். நடிப்பில், கே. ராம்நாத் இயக்கத்தில் ஜூபிடர் நிறுவனத்தாரின் 'மர்மயோகி' வெளிவந்தது. வாள்வீச்சும் அரண்மனைச் சூழ்ச்சியும் நிறைந்த அப்படத்திற்கு, 'வயது வந்தோர்க்கு மட்டும்' எனும் 'ஏ' சான்றிதழ் வழங்கப்பட்டது. தமிழ்ப்படம் ஒன்று அச்சான்றிதழைப் பெற்றது அதுவே முதன்முறை. செருகளத்தூர் சாமா ஏற்ற, பேய் போலத் தோன்றும் பாத்திரமே அதற்குக் காரணம். இன்றைய நம் பிள்ளைகள் அக்காட்சியைப் பார்த்தால் சிரிக்கக்கூடும். தணிக்கை என்பதே, பெரியவர்கள் சிலர் தனியறையில் அமர்ந்து பிறர் மனத்தை ஊகிக்கும் வேலைதானே! நம் நாட்டிலும் ஒரு காலத்தில் '18எஸ்ஜி' என்று, அச்சத்தையும் வன்முறையையும் ஒரே முத்திரைக்குள் அடைத்து வைத்திருந்தோம்.

இதனை நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள், கைப்பேசியைக் கொண்டு ஏழு நிமிடப் பேய்ப்படம் ஒன்றை எடுத்தனர். அதனை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் காட்டலாமா என்ற வினா பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்தது. காட்டலாம் என்போரும் கூடாது என்போரும் சம அளவில் இருந்தனர். இரு தரப்பினரும் பேசியது ஊகத்தின் பேரில்தான். அச்சத்தை அளக்க முடியுமா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அளந்திருக்கிறார்கள். 1929 முதல் 1932 வரை, அமெரிக்காவில் 'பெயின் நிதியம்' எனும் அமைப்பின் பொருளுதவியோடு, திரைப்படம் பிள்ளைகளை எவ்வாறு பாதிக்கிறது என்ற பெரும் ஆய்வு நடைபெற்றது. அதில் ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைசிங்கர், ரக்மிக் ஆகிய இருவரும், படம் பார்ப்போரின் விரல்களைக் கருவியுடன் இணைத்துத் தோலின் மின்னோட்ட மாற்றத்தைப் பதிவு செய்தனர். ஆபத்துக் காட்சிகளில் சிறு பிள்ளைகளிடம் முள் மிகுதியாகத் துள்ளியது; பெரியவர்களிடம் அவ்வளவாக அசையவில்லை. காதல் காட்சிகளில் துள்ளியவர்கள் யாரெனில், பதின்ம வயதினர்! (இதற்குக் கருவி வேண்டுமா என்று இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.)

ஓஹாயோவில் ரென்ஷா எனும் உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அரசு இல்லம் ஒன்றில் வளர்ந்த பிள்ளைகளின் கட்டில்களில் கருவி பொருத்தி, உறக்கத்தில் அவர்கள் புரளுவதை இரவு முழுதும் பதிவு செய்தார். படம் பார்த்த இரவுகளில் பலர் கூடுதலாகப் புரண்டனர்; சிலரோ வழக்கத்தைவிட அசைவற்றுக் கிடந்தனர். ஒரே படம், ஒரே கூடம், ஆனால் இரு வேறு இரவுகள். இவ்வாய்வுகளின் முடிவுகள் 1933-இல் நூல்களாக வந்தபோது, அமெரிக்கப் பெற்றோர் பலர் படித்தது அவற்றையன்று. ஃபோர்மன் என்பவர் பரபரப்பாகச் சுருக்கி எழுதிய ஒரு நூலைத்தான். கூடுதல் புரளலைச் சொன்னவர்கள் அசையாமல் கிடந்த பிள்ளைகளை மறந்தனர்.

பின்னர் இங்கிலாந்தில் மேரி ஃபீல்டு எனும் அம்மையார், இருண்ட அரங்கில் அகச்சிவப்புக் கதிர்ப் புகைப்படக் கருவியைத் திரைப்பக்கம் வைத்துப் பிள்ளைகளின் முகங்களைப் படம் பிடித்தார். கருவிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். எந்த விரலையும் கட்டவில்லை. எந்த வினாத்தாளையும் நீட்டவில்லை.

நம் பக்கத்திலோ அளவுகோல் நுழைவுச்சீட்டாகவே இருந்தது. சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் தயாரித்த 'பொந்தியானாக்', 1957 ஏப்ரல் 27-இல், மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்கள் முன்பாகத் திரைக்கு வந்தது. மகப்பேற்றில் இறந்த பெண் பேயாக வருவாள் என்பது மலாய் நம்பிக்கை. மரியா மெனாடோ நாயகி. இயக்குநர் யார் தெரியுமா? தமிழில் 1939-இல் 'ரம்பையின் காதல்', 1941-இல் 'மதனகாமராஜன்' ஆகிய படங்களை இயக்கிய பி.என். ராவ். மோகினிக் கதைகள் புழங்கிய மண்ணிலிருந்து வந்தவருக்குப் பொந்தியானாக் அந்நியமாகத் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். மக்கள் திரண்டதால், அதே ஆண்டிலேயே 'டெண்டாம் பொந்தியானாக்', அடுத்த ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' எனத் தொடர்ச்சிகள் வந்தன. வருத்தம் என்னவெனில், முதற்படத்தின் படச்சுருள் இன்று இல்லை. கூட்டம் வந்ததை அறிவோம். எந்த இடத்தில் அவர்கள் கண்களை மூடினார்கள் என்பதை இனி யாரும் சோதிக்க இயலாது.

எங்கள் மாணவர்களுக்கு மேரி ஃபீல்டின் கதையைச் சொன்னேன். கருவி இல்லை, ஆகவே கண்களையே பயன்படுத்தினோம். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான பிள்ளைகளுக்குப் படத்தைத் திரையிட்டு, படம் எடுத்த ஐவர் திரையருகே நின்று, திரையைப் பாராமல் கூட்டத்தையே பார்த்தனர். ஒவ்வொருவர் கையிலும் நேரம் குறித்த தாள்.

முகம் முழுதும் பவுடர் பூசிய பேய் பாய்ந்து வந்தபோது, கூடம் வெடித்துச் சிரித்தது. அப்பிள்ளையை அனைவருக்கும் தெரியுமே! அதற்கு முன்பு, யாருமற்ற தாழ்வாரத்தில் குழாய் நீர் சொட்டும் காட்சியில்தான் கூடம் அடங்கியது. முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒட்டி அமர்ந்ததை ஐவரில் நால்வர் குறித்திருந்தனர். முடிந்ததும் "பயந்தீர்களா?" என்று கேட்டோம். கை தூக்கியவர் மூவர் மட்டுமே. தாளில் இருந்தது ஒன்று, வாயில் வந்தது மற்றொன்று.

சங்கக் கூட்டத்தில் அத்தாள்களை வைத்தேன். கூடாது என்று வாதிட்ட ஒரு தாயார் அவற்றை நெடுநேரம் புரட்டிவிட்டு, "பேயை வேண்டுமானால் காட்டுங்கள், ஆசிரியர், அந்தத் தாழ்வாரத்தை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள், கழிவறைக்குத் தனியாகப் போகமாட்டார்கள்" என்றார். முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான வகுப்புகளுக்கு அக்காட்சி நீக்கிய படி ஒன்றைத் தயாரிப்பதென முடிவாயிற்று.

மாணவர்களோ பெரியவர்களுக்கான படியில் தாழ்வாரக் காட்சியை இரு மடங்காக நீட்டிவிட்டனர்.