முதியோர் உதவித்தொகையும் அதைக் காக்க எழுந்த இயக்கங்களும்

திருவாலங்காடு அடங்கிய திருத்தணி வட்டம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962 ஏப்ரல் 1 அன்று, காமராசர் ஆட்சியில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் ரூ. 20 வழங்கும் திட்டம் தொடங்கியது. புதிதாக வந்து சேர்ந்த இவ்வட்டத்து முதியோரும் அதற்கு உரியவராயினர். ஊர்ப்புறங்களில் இன்றும் 'ஓ.ஏ.பி. பணம்' என்றே இதனைச் சொல்வர்.

நடுவண் அரசு இத்துறைக்கு வந்தது மிகப் பிந்தி, 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதன் பங்கு அப்போது மாதம் ரூ. 75.

கொடுத்த தொகையை அரசு நிறுத்தினால் கேட்பதற்கு முதியோரிடம் சட்டப்பிடி எதுவும் இல்லை. அந்தப் பிடியை உருவாக்கியது வேறொரு வழக்கு. 2001-இல் அரசுக் கிடங்குகளில் சுமார் 6 கோடி டன் தானியம் குவிந்திருக்க, இராசத்தானில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் இராசத்தான் கிளை அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சென்றது. சிறு தன்னார்வ அமைப்புகள் பல அதனோடு கைகோத்தன. உணவு உரிமை இயக்கம் அவ்வாறு பிறந்ததே. மதிய உணவு, முதியோர் உதவித்தொகை உள்ளிட்ட எட்டுத் திட்டங்களைச் சட்ட உரிமைகளாக்கி, 2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. உதவித்தொகையை ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். மாதக் கடைசிவரை தபால்காரரை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. 2004 ஏப்ரலில் இன்னொரு ஆணை: தன் அனுமதியின்றி இத்திட்டங்களை நிறுத்தவோ சுருக்கவோ கூடாது என்றது.

ஆனால் தொகையைத் தொடாமலே அதனைக் குறைக்க முடியும். விலைவாசி ஏற, தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் போதும். 2006-இல் ரூ. 200 ஆன நடுவண் பங்கு, 80 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு 2024 வரையிலும் ரூ. 200 தான். இதனை எதிர்த்தே பாபா ஆதவ், அருணா ராய் ஆகியோர் முன்னின்ற ஓய்வூதியப் பரிசத் 2012 மே மாதம் தில்லி ஜந்தர் மந்தரில் முதியோரைத் திரட்டி அமர்ந்தது. குறைந்தபட்சக் கூலியில் பாதி அல்லது ரூ. 2,000, இவற்றுள் எது மிகுதியோ அதனைத் தர வேண்டும், விலைவாசிக்கேற்ப உயர்த்தவும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

தமிழ்நாடு தன் கையிலிருந்து கூட்டிக் கொடுத்தது. 2011-இல் ரூ. 1,000, 2023-இல் ரூ. 1,200. திருவாலங்காட்டில் நடுவண் திட்டத்தில் பெயருள்ள 70 வயது மூதாட்டி பெறும் அந்த ரூ. 1,200-இல், தில்லியின் பங்கு ரூ. 200.