கேள்வி கேட்கும் உரிமை

காஞ்சி மாநகரைக் கற்றோர் நிறைந்த ஊர் என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அதற்குச் சான்றுகளும் உண்டு. கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், இளமையில் காஞ்சியின் கடிகைக்கு வேதம் பயில வந்ததைக் கர்நாடகத்துத் தாளகுந்தா தூண் கல்வெட்டு கூறுகிறது. மணிமேகலையோ, வஞ்சியில் பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். கேட்டுத் தெளிந்து ஏற்பது இம்மண்ணின் பழைய மரபு.

ஆனால் அன்று கேட்டவர் யார்? கடிகை வேதம் ஓதுவோருக்குரியது. தறி நெய்தவரின் பிள்ளைக்கு அது திறந்த வாயில் அன்று.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை நெசவு. சேலையின் உடலும் இருபுறக் கரைகளும் வெவ்வேறு நிறமாக அமைய மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒருவரால் அது இயலாது. மறுகரை நாடாவை எறிய உடன் ஒருவர் அமரவேண்டும். அந்த இடத்தில் பல்லாண்டுக் காலம் சிறுவர் சிறுமியர் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையின் உழைப்பில் கழியவேண்டும். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி, கணக்கு யாரிடம் என்று கேட்க எளிய பெற்றோருக்குத் துணிவும் இல்லை, பழக்கமும் இல்லை. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தன. ஆயினும் 2003-இல் வெளியான ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அறிக்கை, காஞ்சித் தறிகளில் சிறார் இன்னும் கடனுக்காக உழைப்பதை எடுத்துக்காட்டியது. கேட்பார் இல்லாத இடத்தில் சட்டமும் ஊமையாகிவிடுகிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்கு ஓர் இருக்கை தந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். ஆயினும் இருக்கை வேறு, கேள்வி வேறு. நீட்டிய ஏட்டில் கையொப்பமிட்டுத் திரும்பும் தாய், “என் மகளுக்கு வாசிக்க வருகிறதா? வராவிட்டால் என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்கப் பழகவேண்டும். கூட்டத்திற்கு முன்னரே பெற்றோர் சிறு குழுக்களாக அமர்ந்து, தங்கள் வினாக்களைத் தாமே வகுத்து, முதன்மையானதைத் தெரிந்தெடுக்கட்டும். வகுப்பறையிலும் மாணவர் விடைகளை ஒப்பிப்பதோடு நில்லாமல், பாடத்தின்மேல் தாமே வினா எழுப்பட்டும்.

சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழுவுக்கு ஆலோசனை கூறும் பணி மட்டுமே என்றது 2012-ஆம் ஆண்டின் திருத்தம். சட்டம் அங்கு நிற்கலாம். நம் மனச்சான்று நிற்கலாகாது. பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. பெற்றோரின் கேள்வியை நம் பள்ளிகள் குறைகூறலாகக் கருதினால், அப்போதனைக்கு நாம் தரும் மதிப்பு என்ன?

பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து கேள்விகள் எழுப்பியதை லூக்கா பதிவு செய்கிறார். அவரைத் தேடி வந்த அன்னை மரியாவும் கேள்வியோடுதான் வந்தார். மகனும் கேட்டார், தாயும் கேட்டார். ஆலயம் அதனால் சிறுமையுறவில்லை.

அன்பர்களே, அடுத்த அன்பியக் கூட்டத்திற்கு ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையின் பள்ளியிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை எழுதி வரட்டும். நாம் அங்கிருந்து தொடங்குவோம்.