விண்டாலுவில் திராட்சை இல்லை: கோவாவின் கள்ளுக் காடியும் மிளகாய் விழுதும்

'விண்டாலு' என்னும் பெயரின் ஈற்றிலுள்ள 'ஆலு'வை உருளைக்கிழங்கு என்று கொண்டு, குழம்பில் அதனை வெட்டிப் போடும் உணவகங்கள் இன்றும் உண்டு. சொல்லின் மூலமோ போர்த்துகீசியம். 'வின்யா தாலியோஸ்' என்பது திராட்சை மதுவையும் பூண்டையும் குறிக்கும். இறைச்சியை மதுவிலோ அது புளித்த காடியிலோ பூண்டுடன் ஊறவைக்கும் முறை அது. மதெய்ராத் தீவில் கிறிஸ்துமஸ் உணவாக இன்றும் அது நிலைத்திருக்கிறது. அத்தீவிலிருந்து கூலிகளாகச் சென்றோர் வழியே கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் பரவியது.

கோவாவில் அம்முறை இரண்டு மாற்றங்களுக்கு உள்ளானது. மிளகாய் உள்ளே வந்தது, திராட்சை வெளியேறியது. முதல் மாற்றம் குறித்து எழுதப்பட்டவை ஏராளம். இரண்டாவது மாற்றம் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. கோவாவின் சமூக வரலாற்றுக்கு அதுவே முதன்மையானது.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர் என்பதில் ஐயமில்லை. 1492-க்கு முன் இந்தியாவில் அது இருந்திருக்க இயலாது. 1510-இல் அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றிய பின் போர்த்துகீசியக் கடல்வழியே அது மேற்குக் கரையை அடைந்தது. ஆனால் 'வந்த உடனே அடுப்பேறியது' என்ற எளிய சித்திரத்தை ஏற்பதற்கில்லை. கே. டி. அசயா புரந்தரதாசர் பாடலொன்றைப் பதினாறாம் நூற்றாண்டுச் சான்றாகக் காட்டுகிறார். வாய்மொழியாய் வழங்கி மிகப் பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட கீர்த்தனைகளைக் கொண்டு ஒரு காயின் வருகைக்கு ஆண்டு குறிப்பது வலுவான முறையன்று. மறுபுறம், 1563-இல் கோவாவிலேயே அச்சேறிய கார்சியா ட ஓர்த்தாவின் மருந்துப்பொருள் உரையாடல்கள் மிளகை விரிவாக ஆராய்கின்றன. மிளகாய்க்கென அவற்றில் தனி உரையாடல் இல்லை. கோவாவில் பல்லாண்டு வாழ்ந்து, கடைத்தெருவில் கண்டவற்றையெல்லாம் கேட்டெழுதிய மருத்துவரின் மௌனத்துக்கும் ஒரு பொருள் உண்டு. புதிய காயைத் தென்னிந்தியர் பழைய மிளகின் பெயராலேயே 'மிளகாய்' என அழைத்தனர். மிளகு இருந்த இடத்தில் மெல்ல அமர்ந்த பொருள் அது என்பதை அச்சொல்லே காட்டுகிறது.

மிளகாயைப் பற்றிப் பேசாத ஓர்த்தா, தென்னையைப் பற்றி நிறையவே பேசுகிறார். கொங்கணியில் 'சூர்' எனப்படும் கள்ளும் அதில் அடங்கும். லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பல் வர ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். வந்து சேரும் திராட்சை மது விலையுயர்ந்தது. திருப்பலிக்கோ அது இன்றியமையாதது. இறைச்சி ஊறவைக்க அதனைச் செலவழிப்பார் யார்? விடை தோப்பில் இருந்தது. பாளை சீவி இறக்கிய கள்ளில் காட்டு ஈஸ்ட்டுகள் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயமாக்கத் தொடங்கிவிடும். காற்றுப்பட வைத்தால் அசிட்டிக் பாக்டீரியங்கள் அச்சாராயத்தைக் காடியாக்கும். வாய்க்குத் துணி கட்டிய ஜாடியும் சில வாரப் பொறுமையும் இருந்தால் போதும். இதே கள்தான் கோவாவின் ரொட்டி மாவையும் உப்பவைத்தது. ஐரோப்பியரின் இரண்டு அடிப்படை உணவுத் தேவைகள் கள்ளிறக்குவோரின் கத்தியைச் சார்ந்திருந்தன என்பது சற்றே வேடிக்கையான உண்மை. தமிழில், சிறப்பாக இலங்கையில், வழங்கும் 'வினாகிரி' என்ற சொல் போர்த்துகீசிய 'வினாக்ரெ'யின் திரிபு; அங்கும் பெயரில் திராட்சை மது இருக்க, புட்டியில் தென்னை இருக்கிறது.

இவ்விரண்டும் சந்திக்கும் வீட்டுப் பண்டம் ரெஷாது. 'திணிக்கப்பட்டது' என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்த பெயர். கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறித் திணிக்கப்படும் செந்நிற விழுது. விதை நீக்கிய காய்ந்த மிளகாய் 100 கிராம் என்றால் ஒரு முழுப் பூண்டு, சிறுதுண்டு இஞ்சி, சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு, மஞ்சள், கொஞ்சம் புளி, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. இவை அனைத்தையும் காடியில் ஊறவைத்து, அக்காடியிலேயே அரைக்க வேண்டும். தண்ணீர் ஒரு துளியும் கூடாது. தண்ணீர் பட்டால் கெடும் என்பது பாட்டிமார் விதி. அமிலச் செறிவு குறைந்தால் பூசணமும் கிருமிகளும் வளர இடமாகும் என்பது அதன் காரணம்.

இந்த விதிக்குப் பின்னால் மழை இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், மீன் அரிதாகும். எனவே மே மாதத்திலேயே உலர்ந்த மிளகாய், கருவாடு, காடி, உப்பு எனச் சேமிப்பதைக் கோவா மக்கள் 'புருமெந்த்' என்பர். சேமிப்பைக் குறிக்கும் 'புரோவிமெந்து' என்ற போர்த்துகீசியச் சொல்லின் கொங்கணி வடிவம். மட்காவுனில் அதற்கெனச் சந்தையே கூடும். காடியில் ஊறிய இறால் பல்ஷாவும் கருவாட்டுப் பராவும் அடைமழைக் காலச் சோற்றுக்குத் துணை. நாவின் சுவையினும் பஞ்ச காலக் கணக்கே இவ்வூறுகாய்களை வடிவமைத்தது எனலாம்.

எல்லா வீடுகளும் இக்காடியைக் கையாளவில்லை. கோவாவின் சாரஸ்வத இந்துச் சமையல் புளிப்புக்குக் கோக்கத்தையும் புளியையும் நாடியது. காடி கத்தோலிக்க அடுக்களையின் அடையாளமாயிற்று. ஆனால் அக்காடிக்குரிய கள்ளை இறக்கியோரில் இந்துக்களான பண்டாரிகளும் இருந்தனர். உண்ணும் தட்டு பிரித்ததை உற்பத்தி இணைத்திருந்தது. 'போர்த்துகீசியர் தந்த உணவு' என்னும் கூற்றும், 'முற்றிலும் நம்முடையது' என்னும் எதிர்க்கூற்றும் கள்ளிறக்குவோரை ஒருசேர மறந்துவிடுகின்றன.

நெப்போலியன் போர்க்காலத்தில் கோவாவில் தங்கிய ஆங்கிலேயப் படையினர் இவ்வுணவைச் சுவைத்தனர். பன்றியும் மாடும் சமைக்கத் தயங்காத கோவாச் சமையற்காரர்கள் ஆங்கிலேயர் வீடுகளில் பணியமர்ந்தபோது விண்டாலுவும் உடன் சென்றது. பிரிட்டனின் கறிக்கடைகளில் அது காரத்தின் உச்சத்தைக் குறிக்கும் வெறும் அளவுகோலாகச் சுருங்கியது. புளிப்பும் பூண்டும் பின்னுக்குப் போயின.

இன்றைய நிலையில் முரண் ஒன்று உண்டு. காணகோணத்தின் கோலா மிளகாய் 2019-இலும், ஹர்மல் மிளகாய் 2021-இலும் புவிசார் குறியீடு பெற்றன. விழுதின் மறுபாதியான கள்ளுக் காடியின் மூலமோ வற்றிக்கொண்டிருக்கிறது. மரமேறுவோரின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். கடைகளில் நீர் கலந்த அசிட்டிக் அமிலம் குறைந்த விலையில் கிடைக்கிறது. 'செயற்கை' என்று புட்டியின்மேல் அச்சிட வேண்டும் என உணவுப் பாதுகாப்பு விதி கூறுகிறது. ஆனால் அரைத்து ஜாடியில் அடைத்த விழுதின்மேல் அச்சொல்லை எந்த வீட்டிலும் எழுதுவதில்லை.