புதிய இசையும் புதிய செவியும்

'விருந்து' என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்கண் அமைந்த பொருள். வீட்டிற்குப் புதியராய் வந்தாரை விருந்தென்றது அப்புதுமை பற்றியே. ஆசிரியர் தொல்காப்பியனாரும் செய்யுட்குரிய எண்வகை வனப்புக்களுள் விருந்து என ஒன்றனை வைத்து, புதியனவாகத் தொடுக்கப்படும் யாப்பு அதன்பாற்படும் என்றார். பழமையைப் பெரிதும் போற்றிய அவ்வாசிரியரே புதியதற்கும் ஓரிடம் வகுத்தாராகலின், புதிய பாட்டினையும் புதிய இசையினையும் வாயிலில் நிறுத்தியே திருப்பி விடுதல் நம் மரபன்று என்பது தெளிவாம்.

எனினும், புதிய இசை என்றவுடன் கேட்போர் தொகை குறைதலும், பொதுமக்களுக்கு உயர்ந்த இசை விளங்காது என்று கற்றோர் ஒதுக்கிவிடுதலும் எல்லா நாட்டினும் காணப்படுவனவே. இவ்விரு தடைகளையும் ஒருங்கே எதிர்த்து நின்ற முயற்சியொன்று 1895-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் தோன்றி இன்றளவும் நடைபெற்று வருகின்றது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேம்.

அம்மாநகரில் 1893-ஆம் ஆண்டு 'குவீன்ஸ் ஹால்' என்னும் பெரியதோர் இசைமண்டபம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 பேர் இருந்து கேட்டற்குரிய அதன் மேலாளராக இராபர்ட் நியூமன் என்பார் அமர்ந்தார். நின்றும் உலாவியும் மக்கள் இசை கேட்கும் 'புரோமனேட்' அரங்குகள் இலண்டனில் முன்னரே உண்டு. அவை பெரும்பாலும் பொழுதுபோக்கிற்கே ஆயின. நியூமன் கருதியதோ வேறு. எளியவற்றில் தொடங்கிப் படிப்படியாக மக்களை மேலேற்றி, பழைய உயர்ந்த இசைக்கும் தம் காலத்துப் புதிய இசைக்கும் உரிய அவையோரைத் தாமே உருவாக்குதல் வேண்டும் என்பது அவர் துணிபு. கேட்போர் இல்லை என்று வருந்தியிராது, கேட்போரை ஆக்கிக் கொள்வோம் என்று புறப்பட்ட அவ்வூக்கம் போற்றற்குரியது.

பல்லியக் குழுவை நடத்துதற்கு ஹென்றி வுட் என்னும் இருபத்தாறாண்டு இளைஞரை நியூமன் தேர்ந்தார். பொருளுதவியோ எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தொண்டை நோய் மருத்துவராகிய ஜார்ஜ் காத்கார்ட் என்பார், அந்நாளில் இங்கிலாந்துப் பல்லியங்களின் சுருதி மிக உயர்ந்திருந்தமையால் பாடுவோர் குரல் கெடுதலைக் கண்டு வருந்தியவர். சுருதியைத் தாழ்த்துவதாயின், வுட் ஒருவரே குழுவை நடத்துவதாயின், பொருள் தருவேன் என்று அவர் இசைந்து, தாழ்ந்த சுருதிக்கேற்ற துளைக்கருவிகளையும் தம் செலவில் வாங்குவித்தார்.

1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் முதல் அரங்கு நிகழ்ந்தது. நின்று கேட்பார்க்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பருவம் முழுவதற்கும் ஒரு கினி, அஃதாவது 21 ஷில்லிங். உண்ணலாம், பருகலாம், புகைக்கலாம். பாடுவார் பாடும்போது மட்டும் தீக்குச்சி கிழித்தல் கூடாதென வேண்டிக்கொண்டனர். முதற்பகுதியில் கனத்த இசையும், பிற்பகுதியில் மக்கள் நன்கறிந்த எளிய பாட்டுக்களும் அமைத்தனர். நாளடைவில் திங்கட்கிழமை வாக்னருக்கும் வெள்ளிக்கிழமை பேத்தோவனுக்கும் உரியவாயின. இவற்றினிடையே உயிரோடிருந்த இசைப்புலவர்தம் புத்தம் புதிய படைப்புக்களை வுட் ஆண்டுதோறும் வைத்து வந்தார். 1901-ஆம் ஆண்டு எல்காரின் புதிய அணிநடையொன்று அங்கே இசைக்கப்பட்டபோது, அவையோர் ஆர்ப்பரித்து மீண்டும் மீண்டும் கேட்டமையின் அதனை மும்முறை இசைக்க நேர்ந்தது. பின்லாந்தின் சிபேலியசு இயற்றிய முதற் சிம்பொனியை 1903-இலும், பிரான்சின் தெபுசி இயற்றிய 'ஒரு வனதேவனின் பிற்பகல்' என்பதற்குரிய முன்னிசையை 1904-இலும் இங்கிலாந்து மக்கள் முதன்முதற் கேட்டது இவ்வரங்கிலேயாம். இவ்வளவும் ஆறு நாள் அரங்குகளுக்கு மூன்றே ஒத்திகை என்னும் நெருக்கடியில் நிகழ்ந்தன என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மிகுகின்றது.

புதியன யாவும் இங்ஙனம் வரவேற்கப்பட்டன என்று எண்ணற்க. 1912-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், வியன்னா நகரத்துச் சேன்பெர்கு இயற்றிய ஐந்து பல்லியப் படைப்புக்களை வுட் அவ்வரங்கில் உலகிற்கு முதன்முதலாக அளித்தார். ஒத்திகையில் இசைவாணரே முகஞ்சுளிக்க, இன்னும் இருபத்தைந்தாண்டிற்குப் பின் நீங்கள் இசைக்க வேண்டியவற்றை நோக்க இஃது ஒன்றுமில்லை என்று கூறி அவர் ஊக்கினார். அவையிலோ நகைப்பும் சீழ்க்கையும் எழுந்தன. பிறராயின் அத்துடன் கைவிட்டிருப்பர். வுட் அவ்விசைப்புலவரையே இலண்டனுக்கு வரவழைத்து, 1914-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அம்மண்டபத்திலேயே அவர் தாமே நின்று அப்படைப்பினை நடத்துமாறு செய்தார். இம்முறை அவையோர் அமைந்து கேட்டுக் கைகொட்டினர். ஒன்றரை ஆண்டிற்குள் இசை மாறவில்லை. அதனைக் கேட்குஞ் செவி மாறியிருந்தது.

இம்முயற்சிக்குத் தம்மைத் தந்தோர் பட்ட இடர்களும் நினைக்கத்தக்கன. நியூமன் 1902-இல் கடனால் நொடித்தார். அப்போது எட்கர் ஸ்பேயர் என்னும் வங்கியாளர் பெரும்பொருள் வழங்கி அரங்கைக் காத்தார். 1914-இல் போர் மூண்டபோது செருமானிய இசையை விலக்குக என்ற கூச்சல் எழுந்தது. ஒரு நாள் வாக்னர் நிகழ்ச்சி மாற்றப்பட்டதாயினும், சிறந்த இசை உலகனைத்திற்கும் உரியது என நியூமன் அறிவித்து அதனை மீண்டும் நிலைநிறுத்தினார். செருமானிய மரபினர் என்னும் பழியால் தாக்குண்ட ஸ்பேயரோ, 1915-இல் அந்நாட்டையே நீங்கி அமெரிக்கா சென்றார். மக்கள் செவிக்குச் செல்வம் ஈந்தவரை அம்மக்களே துரத்திய செய்தி எம் நெஞ்சை வருத்துகின்றது.

1926-இல் நியூமன் மறைந்தார். அடுத்த ஆண்டு பி.பி.சி. வானொலி நிலையத்தார் அரங்கினை ஏற்றனர். அதனால் ஒரு ஷில்லிங்கும் இல்லாதார், இலண்டனைக் கண்டறியாதார் ஆகியோர் வீட்டினுள்ளும் அவ்விசை புகுந்தது. 1941-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இரவு பகைவர் குண்டு வீழ்ந்து குவீன்ஸ் ஹால் எரிந்தொழிந்தது. அரங்கு ஒழியவில்லை, ஆல்பர்ட் ஹால் என்னும் பெருமண்டபத்திற்கு மாறியது. மறு ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், முற்றுகையுண்டு கிடந்த லெனின்கிராடு நகரைக் கருதிச் சோஸ்தகோவிச் இயற்றிய ஏழாஞ் சிம்பொனியை முதியவராகிய வுட் அங்கே நடத்தினார். ஐம்பதாம் பருவம் நடைபெற்ற 1944-ஆம் ஆண்டில், ஆகஸ்டு 19-ஆம் நாள், அவர் உயிர் நீத்தார். எரிந்த மண்டபத்தினின்று மீட்கப்பட்ட அவரது மார்பளவுச் சிலைக்கு, ஒவ்வொரு பருவத்தின் இறுதி நாளிலும் வாகைமாலை சூட்டுகின்றனர்.

அவர்க்குப் பின்னரும் அந்நெறி அற்றுப்போகவில்லை. 1960 முதல் வில்லியம் கிளாக் என்பார் மிகப் பழைய இசையையும் மிகப் புதிய இசையையும் ஓரரங்கில் அருகருகே வைத்ததோடு, புதியன இயற்றுமாறு இசைப்புலவர்க்குப் பொருளும் அளிப்பித்தார். 1970-களில் பியேர் பூலேசு என்பார், பழைய இரயில் எஞ்சின் கொட்டிலாகிய 'ரவுண்ட் ஹவுஸ்' என்னுமிடத்தில் புதிய இசையை நடத்தி, இளைஞரோடு அதுபற்றி அளவளாவினார். நின்று கேட்பார்க்குக் குறைந்த கட்டணம் என்னும் முறை இன்றும் உண்டு.

இவ்வரலாற்றினின்று யாம் கண்ட உண்மை ஒன்றே. புதிய இசைக்குரிய செவி பிறவியில் வாய்ப்பதன்று, பழக்கத்தான் விளைவது. அப்பழக்கத்திற்கு வாயில் எளிதாதல் வேண்டும். புதியது தனித்து நில்லாது, அறிந்த பழையதன் தோழமையோடு வருதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, முதன்முறை வெறுக்கப்பட்டது இரண்டாம் முறையும் வருதல் வேண்டும். வுட் அளித்த புதுமைகளுட் பல ஒருமுறை ஒலித்து மறைந்தன என்பதும் மெய்யே. ஆயினும் பதரும் மணியும் கலந்தே களத்திற்கு வரும். தூற்றிய பின்னரன்றோ மணி தெரிவது? களத்திற்கே வாராதபடி தடுத்துவிட்டால் இரண்டும் இல்லையாம்.

பள்ளியாசிரியராகிய எமக்கு இது நாள்தோறும் காணும் காட்சி. பழம்பாட்டொன்றை முதல்நாள் கேட்டு முகம் திருப்பிய சிறுவன், பத்தாம் நாள் அதனைத் தானே முணுமுணுத்துக்கொண்டு வருகின்றான். அவனிடத்து இத்துணைப் பொறுமை காட்டும் யாமே, புதிய பாட்டொன்றை முதற்கேள்வியிலேயே குற்றங்கூறித் தள்ளிய நாட்களும் உண்டு. அப்பிழையை இவ்வரலாறு எமக்கு உணர்த்திற்று.

ஆகலின், விழாக்களிலும் கூட்டங்களிலும் இசையரங்கு அமைக்கும் அன்பர்கள், யாவரும் அறிந்த பாட்டுக்களினிடையே நம் காலத்துப் புலவர் ஒருவரின் புதிய பாட்டிற்கும் ஓரிடம் ஒதுக்குவார்களாக. அது பிடிக்கவில்லை என்று சிலர் கூறின் அஞ்சற்க. அடுத்த ஆண்டும் அதனையே பாடுவியுங்கள். வந்த விருந்தினரை ஒருநாள் முகங்கோடிய பிழைக்கு, மறுநாள் அழைத்து உபசரித்தலே கழுவாய்.