புலியைக் கட்டிய ஆடுகள்

போடிநாயக்கனூருக்கு 1928-ஆம் ஆண்டில் ரயில் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, ஏலப்பொதிகளோடு மேட்டிலிருந்து இறங்கியவர்களும், புலி நடமாடும் சரிவுகளில் ஆடு மேய்த்தவர்களும், பாண்டிநாட்டின் மற்றப் பாகத்தாரைப் போலவே, பாறையிலும் மண்டபத் தரையிலும் கோடு கிழித்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காயாக வைத்து விளையாடிய ஆடுபுலி ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவது நியாயமாகாது. துரத்துதலையும் தப்புதலையும் பற்றிய ஆழ்ந்த யுக்தி சாஸ்திரம் அதனுள்ளே அடங்கியிருக்கிறது.

உச்சியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்க, இருபுறமும் வெளியே நீண்டு முனைகொள்ளும் மூன்று குறுக்குக் கோடுகளும் ஓர் அடிக்கோடும் அவற்றைச் சந்திக்கும் அக்கட்டத்தில் இடங்கள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அப்பாலுள்ள இடம் காலியாயிருந்தால், புலி குதித்து வெட்டிவிடும். ஆட்டுக்கோ வெட்டும் சக்தி இல்லை. ஒன்றன் முதுகுக்கு மற்றொன்று அரணாக நின்று, புலிக்கு நகர வழியில்லாமல் அடைத்துக் கட்டிவிடுவதே அதன் வெற்றி. ஆகையினால், பதினைந்தையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாதென்ற விதியின்கீழ், ஓரங்களை முதலில் நிரப்பி, பின்புறம் காலியாக விடாமல் முன்னேறுகிறவனே கெட்டிக்காரன்.

மேல்நாட்டுக் கணித சாஸ்திரிகளும் இத்துறையில் பிரவேசித்திருக்கிறார்கள். வட்ட அரங்கில் சமவேகமுள்ள சிங்கம் மனிதனைப் பிடிக்குமா என்று ராடோ எழுப்பிய கேள்விக்கு, சிங்கம் எவ்வளவு நெருங்கினும் மனிதன் அகப்படாமல் ஓடிக்கொண்டேயிருக்கலாம் என்று பெசிகோவிச் பிற்பாடு நிரூபித்தார். ஆனால் துரத்துவோர் பலரானால் நிலைமை மாறுகிறது. கோடுகள் குறுக்கிடாமல் தாளில் வரையத்தக்க எந்த வலையிலும், முறைவைத்து நகரும் மூவர், ஓடுபவன் ஒருவனை நிச்சயமாகப் பிடித்துவிடலாம் என்று ஐக்னரும் ஃப்ரோமும் 1984-இல் நிலைநாட்டினர். மிகக் குறுகிய வழியொன்றை ஒருவர் காவல் காத்தால் ஓடுபவன் அதைக் கடக்கத் துணிய முடியாது. இப்படியே அவனுக்குரிய பரப்பு படிப்படியாகச் சுருங்குகிறது என்பதே அந்நிரூபணத்தின் உயிர்நிலை.

விதிகள் வேறாயினும், வேகத்தைவிட வழியடைப்பே பிரதானம் என்ற அந்தத் தத்துவத்தை நம் மேய்ப்பர்கள் விரலால் அறிந்திருந்தார்கள். பலவீனர் பலர் இடைவெளியின்றி இணைந்தால் பலவான் அசைய முடியாது என்ற ஞானத்தை, எழுத்தறியாதவருக்கும் எட்டும்படி செய்த கலை இது. ஆதலால், பழைய மண்டபங்களின் தரையைப் புதுப்பிக்கிறவர்கள் அக்கோடுகளைப் பெயர்த்தெறியாமல் காக்க வேண்டும். நம் பள்ளிகளிலே வலைகளின் கணிதத்தைத் தொடங்கும் ஆசிரியர் முதற்படமாக இக்கட்டத்தையே வரைய வேண்டும்.