ஈமேக்ஸ் லிஸ்ப்பில் பட்டியல் வடிகட்டல்

ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியின் நிரல்மொழியான ஈமேக்ஸ் லிஸ்ப்பில், நிபந்தனைக்குப் பொருந்தும் உறுப்புகளை மட்டும் ஒரு பட்டியலிலிருந்து பிரித்தெடுக்கும் முறை. பட்டியலையே அடித்தளமாகக் கொண்ட மொழி இது. ஆயினும் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் க்னூ ஈமேக்ஸை வெளியிட்டபோது வடிகட்டலுக்கெனத் தனிச் செயற்கூறு இருக்கவில்லை.

நிரலர்கள் இரண்டு பழைய கருவிகளைச் சேர்த்துச் சமாளித்தார்கள். திறந்திருக்கும் பஃபர்களில் (தொகுப்பி உரையை வைத்திருக்கும் இடங்களில்) கோப்புடன் இணைந்தவை மட்டும் வேண்டுமென்றால், முதலில் 'மேப்கார்' ஒவ்வொன்றையும் சோதிக்கும். தகுதியானது அப்படியே நிற்கும், மற்றவை 'நில்' என்ற வெற்று மதிப்பாக மாறும். பிறகு 'டெல்க்யூ' அந்த நில்களைக் களைந்துவிடும். டெல்க்யூ பட்டியலையே மாற்றிவிடக்கூடியது. மேப்கார் புதுப் பட்டியல் தருவதால் மூலத்துக்குச் சேதமில்லை. அழகான உத்திதான். ஆனால் நில்லையே உறுப்பாக வைத்திருக்க வேண்டிய இடத்தில் அது தவறான விடை தரும்.

டேவ் கில்லெஸ்பி 1993-இல் எழுதிய 'சிஎல்' தொகுப்பு, காமன் லிஸ்ப் மொழியின் 'ரிமூவ்-இஃப்-நாட்' என்ற வடிகட்டும் செயற்கூற்றைக் கொண்டுவந்தது. இருந்தும் ஈமேக்ஸுடன் வரும் நிரல்கள் இயங்கும்போது அத்தொகுப்பை ஏற்றக்கூடாது என்பது விதியாக இருந்தது. ஏனெனில் ஈமேக்ஸ் லிஸ்ப்பில் எல்லாப் பெயர்களும் ஒரே வெளியில் கிடக்கின்றன. முன்னொட்டில்லாத பெயர் பயனரின் சொந்தச் செயற்கூற்றை அழித்துவிடலாம். இத்தனை எளிய வசதி இவ்வளவு காலம் தள்ளிப்போனதற்குப் பெயர் மோதலே முதன்மைக் காரணம்; தொழில்நுட்பக் கடினம் அன்று. 2013-இல் ஈமேக்ஸ் 24.3-உடன் வந்த 'சிஎல்-லிப்', பெயர்களுக்கு முன்னொட்டு சேர்த்து இதைத் தீர்த்தது.

இன்னொரு தடையும் இருந்தது. மாறிகள் இயங்குநேரக் கட்டு முறையில் இயங்கியதால், வடிகட்டும் செயற்கூற்றின் உள்மாறியும் நிபந்தனையில் பயனர் குறிப்பிடும் மாறியும் ஒரே பெயரில் அமைந்தால் விடை பிழைக்கும். கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை அது. 2012-இல் ஈமேக்ஸ் 24.1 அறிமுகப்படுத்திய சொல்லெல்லைக் கட்டு முறை இந்த ஆபத்தை நீக்கியது. அதே ஆண்டில் மாக்னர் ஸ்வீன் உருவாக்கிய 'டாஷ்' என்ற பட்டியல் நூலகம் பரவலாகப் பிடித்துப்போனது.

நிக்கோலா பெத்தோன் எழுதிய 'செக்' நூலகம் 2016-இல் ஈமேக்ஸ் 25.1-இல் இடம்பெற்றது. அதன் 'செக்-ஃபில்டர்' பட்டியல், வெக்டர், சரம் எதை ஏற்றாலும் பட்டியலாகவே திருப்பித் தரும். 'சிஎல்-ரிமூவ்-இஃப்-நாட்' சரம் கொடுத்தால் சரமே தரும். பழைய சிஎல் தொகுப்பு 2020-இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மேப்கார்–டெல்க்யூ இணை ஈமேக்ஸின் சொந்த மூலநிரலில் இன்றும் பல இடங்களில் உள்ளது. 2023-இல் வந்த ஈமேக்ஸ் 29.1, அதே வேலையைச் செய்ய 'செக்-கீப்' என்ற செயற்கூற்றைச் சேர்த்தது.